கரி எடுக்கிறவர்கள்

அன்னலட்சுமி அக்கா பஸ்ஸில் உட்காரமாட்டார். பாதி பஸ் காலியாகக் கிடந்தாலும், தெல்தோட்டையிலிருந்து கண்டி வரைக்கும் பின்கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வருவார். தையல் கடை வேலைக்காக நானும் பதினைந்து வருடமாக அதே பஸ்ஸில் போகிறவள். கரிமூட்டை கொண்டுபோகிற நாளில் நிற்பது சரி, பக்கத்தில் இருப்பவர் உடுப்பில் ஒட்டும். தலைமுழுகி, நல்ல சேலை கட்டிக் கோயிலுக்குப் போகிற நாளிலும் அவர் நின்றார். ஒருமுறை கேட்டேன்.

"எழும்புன பொறகு எடம் கறுப்பா இருக்குமோன்னு ஒரு நெனப்பு. பழகிப்போச்சு" என்றார்.

எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவில் தேயிலை கைவிடப்பட்டுப் பல வருடமாகிறது. பேர் பதிந்த வேலை இல்லாமல் போன பன்னிரண்டு குடும்பங்கள் கரி சுட்டுப் பிழைத்தன. பட்டுப்போன தேயிலைத் தூரையும் விழுந்த நிழல் மரங்களையும் எடுத்துக்கொள்ள நிர்வாகம் வருடா வருடம் அனுமதிக் கடிதம் கொடுக்கும். இடுப்பளவுக் குழி வெட்டி, கட்டைகளை அடுக்கி, மேலே பச்சை இலையும் மண்ணும் போட்டு மூடி நெருப்பு வைப்பார்கள். நாலு நாளைக்கு உள்ளே வேகும். ஆறிய பிறகு குழியைத் திறந்து கரியை வெளியே எடுப்பார்கள். அதனால் அந்தத் தொழிலுக்கே எங்கள் பக்கத்தில் 'கரி எடுக்கிறது' என்று பேர்.

அதில் அன்னலட்சுமி அக்காவை மிஞ்ச ஆள் இல்லை. வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகிற நேரம் பார்த்துக் குழியின் வாயை அடைக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் எல்லாம் சாம்பல். மற்றவர்கள் குழியருகே போய்ப் பார்ப்பார்கள். அக்கா லயத்து வாசலில் அரிசி களைந்துகொண்டே, "பாலம்மா, ஒன் குழி வாய மூடு" என்று சொல்வார். பாலம்மா அவருடைய நாத்தனார். "எங்க அண்ணன் பொண்டாட்டிக்கு மூக்குல கண்ணு" என்று சிரித்துக்கொண்டு ஓடுவார்.

கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருடம் எங்கள் கரிக்குக் கண்டியில் நல்ல கிராக்கி. அந்த வருடம்தான் அக்காவின் மகள் தர்ஷிகாவுக்கு மூச்சிழுப்பு முற்றியது. கண்டி ஆஸ்பத்திரி டாக்டர், புகை இல்லாத இடத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொன்னார். லயத்தில் புகை இல்லாத இடம் ஏது? அன்றையிலிருந்து அக்காவுக்கு இந்தத் தொழிலை விடவேண்டும் என்ற ஒரே எண்ணம்.

அந்த நேரத்தில்தான் மோகனராஜ் சேர் வந்தார். கண்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட அதிகாரி. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, கரித்தொழிலை விட்டு வேறு தொழிலுக்கு மாற நினைக்கிற சனங்களுக்கு உதவுகிறது என்றார். காளான் வளர்க்கக் குடில் கட்டித் தருவார்கள், விதை தருவார்கள், விற்க வழி காட்டுவார்கள். ஊரின் நிலைமையை ஒரு கடிதமாக எழுதித் தரச் சொன்னார். அக்கா எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். 'நாங்கள் பன்னிரண்டு குடும்பமும் இருபது வருடமாகக் கரி எடுத்துப் பிழைக்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சேர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இது போதும் அக்கா. நீங்கதான் இந்தத் திட்டத்துக்கு முகம்" என்றார். அக்காவை ஊர்ப் பொறுப்பாளராகவும் போட்டார்.

முதலில் குழிகளை மூட வேண்டும், விறகு அனுமதிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காளான் என்பது ஒழுங்கு. அக்கா தன் குழியை முதல் ஆளாக மூடி அதில் வாழைக்கன்று நட்டார். பிறகு லயத்து வீடுகளில் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். மசியாதவர் பாலம்மா மட்டும்தான்.

"காளான் மழைக்கு மொளைக்கும், வெயிலுக்குச் சாகும். அத நம்பி நெருப்ப அணைக்கச் சொல்றீங்களா அண்ணி?"

"தர்ஷிகா மாதிரி ஒன் மகனும் இழுக்கணுமா?"

"வெறகுக் கடுதாசியக் குடுத்துட்டா திரும்ப வாங்க ஏலாது. தோட்டத்துத் தொர குடுக்கமாட்டாரு."

"திரும்ப எதுக்கு? நான் சொல்றேன்ல. என்னய நம்பமாட்டியா?"

 பாலம்மா உள்ளே போய்த் தன் குழியை மூட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஊரைச் சம்மதிக்கவைத்துக் குடில்களைக் கட்டி முடிக்க இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடமும் அறக்கட்டளைக்காரர்கள் எங்களைப் படத்தில்தான் பார்த்தார்கள். குழி மூடுவதற்கு முன்பே சேரின் ஆட்கள் அக்காவைக் கை கழுவ வேண்டாமென்று சொல்லி, கறுத்த உள்ளங்கைகளைப் படம் பிடித்துப் புத்தகத்தின் அட்டையில் போட்டார்கள். அந்தப் புத்தகத்தை அக்கா தையல் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே தமிழில் ஒரு பக்கம் இருந்தது. 'நிலக்கரிச் சமூகம்' என்று அதில் போட்டிருந்ததைப் பார்த்தேன். நிலக்கரி வேறு, எங்கள் கரி வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் எழுதினால் அதில் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்து, "கை அழகா விழுந்திருக்கு அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

போன வருடம் மாசி மாதம், அறக்கட்டளையிலிருந்து உயரமான ஒரு வெள்ளைக்காரர் நேரிலேயே வந்தார். மாலை போட்டோம், பிள்ளைகள் ஆடினார்கள். மழை வரப்போகிறது, கண்டிக்குத் திரும்பலாம் என்று மோகனராஜ் சேர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். வந்தவர் கேட்கவில்லை. சேரின் ஓபிசிலிருந்து மொழிபெயர்க்க வந்த அக்குறணைப் பிள்ளை பர்ஹானா, அக்காவிடம் சொன்னாள்:

"கரி எடுத்த எடத்தப் பாக்கணுமாம்."

அக்கா பெருமையோடு முன்னால் நடந்து, வாழை நின்ற இடத்தைக் காட்டினார்.

"எவ்வளவு ஆழமெண்டு கேக்கிறார்."

"இடுப்பளவு" என்று அக்கா கையை வைத்துக் காட்டினார். "அதுக்கு மேல வெட்டுனா தண்ணி வந்துரும்."

வந்தவர் வாழையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இன்னொரு கேள்வி கேட்டார். பர்ஹானா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கரி எதிலிருந்து வந்திச்செண்டு கேக்கிறார்."

"மரத்துலருந்துதான். பின்ன எதுலருந்து?" என்று அக்கா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

வந்தவர் சிரிக்கவில்லை. மோகனராஜ் சேர் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். நடுவில் இரண்டு தடவை 'அன்னலட்சுமி' என்ற பேர் காதில் விழுந்தது. தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்கிறார் என்று நினைத்து அக்கா தூரத்திலிருந்தே கை கூப்பினார்.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. குடில்கள் கட்டியபடி நின்றன, விதை வரவில்லை. அக்கா மூன்று தடவை கண்டி ஓபிசுக்குப் போனார். சேர் கூட்டத்தில், சேர் கொழும்பில், சேர் லீவில். மூன்றாம் நாள், கதவு இடுக்கில் அவருடைய சப்பாத்தைப் பார்த்ததாக அக்கா என்னிடம் சொன்னார். அன்றைக்குப் பர்ஹானா பஸ் நிலையம் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தாள். நானும் அக்காவோடு நின்றேன்.

"அக்கா, நான் செல்லினேனெண்டு ஆருக்கும் செல்லவாணாம். அந்தக் காசு பூமிக்குள்ள இருந்து நிலக்கரி வெட்டுற ஊர்களுக்குத்தான். அது சேருக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சிதான் எழுதினார்."

"அப்ப என் கடுதாசி?"

"நீங்க கரி எடுக்கிறோமெண்டு எழுதினீங்க தானே. அத இங்கிலிஷ்ல நிலக்கரி வெட்டுறோமெண்டு போட்டார். இப்ப, ஊர்ப் பொறுப்பாளர் பொய்த் தகவல் தந்து தன்னை ஏமாத்திட்டாரெண்டு எழுதி, உங்கட கையெழுத்தையும் சேத்து அனுப்பியிருக்கிறார். திட்டம் முடிஞ்சி அக்கா."

அக்கா அழவில்லை. "அன்னைக்கு நான் கும்பிட்டனே" என்றார். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பன்னிரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு, பர்ஹானாவின் பேரை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். விறகு அனுமதி அதற்குள் ஒரு லொறிக்காரருக்குப் போயிருந்தது. சிலர் ஏற்கெனவே துரையிடம் அதைத் திரும்பக் கேட்டு, இல்லையென்ற பதிலோடு வந்திருந்தார்கள்.

"பொறுப்பாளரம்மா, காளான் கொழம்பு எப்ப?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

பாலம்மா எழும்பினார். "ஒங்கள அந்தாளு ஏமாத்துனான். சரி அண்ணி. எங்கள யாரு ஏமாத்துனது? எங்க வீட்டுக்கு அந்தாளு வரல. நீங்கதான் வந்தீங்க."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். "நாந்தான்" என்றார்.

அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தோம். புத்தகத்தில் பார்த்ததை அப்போதாவது சொல்லவேண்டும் என்று எனக்கு வாய் வரை வந்தது. நான் சொல்லவில்லை. பாலம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார், மற்றவர்களும் கலைந்தார்கள்.

மோகனராஜ் சேர் இப்போதும் அதே நிறுவனத்தில், வேறொரு திட்டத்தில் இருக்கிறார். லொறிக்காரர் எங்கள் மலையிலேயே ஆள் வைத்துக் கரி சுடுகிறார். பாலம்மாவும் இன்னும் நாலு பேரும் அவரிடம் நாள் கூலிக்குப் போகிறார்கள். மூன்று குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. தர்ஷிகாவின் இழுப்பு குறையவில்லை. அன்னலட்சுமி அக்கா புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அன்றன்றே கொடுக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். பாலம்மா அவரோடு பேசுவதில்லை.