விரதம் என்று சொல்லிக்கொண்டது

எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரம் கோட்டைக்குள் குடியிருந்தோம். கணவர் செக்ரட்டேரியட்டுக்குப் புறப்பட்ட பிறகு மாமியார் சாப்பிடுவார். பிறகு மகளுக்கு ஊட்டுவேன். கடைசியாக நான், சமையலறையில் தனியாக. எங்கள் தெருவில் மருமகள்கள் எல்லோரும் அப்படித்தான். எவ்வளவு சாப்பிட்டோம் என்று பார்க்க யாரும் இருப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. தட்டில் போட்ட சாதம் கழுநீர்ப் பானைக்குப் போகும். சாயங்காலம் பால்காரர் அதை மாட்டுக்கு எடுத்துப்போவார்.

அதன் பிறகு வளையலை மேலே தள்ளிப் பார்ப்பேன். முழங்கைவரை ஏறினால் அன்று நிம்மதி. ஏறாவிட்டால், “தடிச்சி” என்று முணுமுணுத்துக்கொள்வேன்.

அது என் நாத்தனார் சொன்ன சொல். பெண் பார்க்க வந்த அன்று, நான் காபித் தட்டோடு கூடத்தில் நின்றபோது, “பொண்ணு நன்னாத்தான் இருக்கா. கொஞ்சம் தடிச்சியாக்கும், கேட்டேளா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். நாத்தனார் அதை அன்றைக்கே மறந்திருக்கலாம், நல்ல மனுஷிதான். நான் மட்டும் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தத் தட்டோடு நிற்கும் பெண்ணையே பார்த்தேன்.

தட்டில் சாதம் அப்படியே இருப்பதை மாமியார் ஒருநாள் கவனித்துவிட்டார். “இன்னிக்கு விரதம்மா” என்றேன். பிறகு அதையே அடிக்கடி சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்காத்து மாட்டுப்பொண் பாதி நாள் விரதமாக்கும்” என்று எதிர்வீட்டு மாமியிடம் சொன்னார்.

“அதான் ஈர்க்குச்சியாட்டம் இருக்கா! ஒரு காத்தடிச்சா சங்குமுகம் கடற்கரைல போய்த்தான் பொறுக்கணும்” என்றார் மாமி.

உள்ளே நின்று கேட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் மாமி பொய் சொல்கிறார் என்று தோன்றியது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சாப்பாடு இல்லாத வீடா என்று கேட்பார்கள்.

ஒரு மத்தியானம் ரசம் சாதம் பிசைந்து நீட்டினேன். நாலு வயது மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“எனக்கு விரதம்.”

சொல்லிவிட்டுத் தன் சின்ன வளையலைக் கையில் மேலே தள்ளினாள். பாதியில் நின்றுவிட்டது. “ஏற மாட்டேங்கறதும்மா. நான் தடிச்சியா?”

கூடத்திலிருந்து மாமியார் சிரித்தார். “இந்த வயசுலயே பக்தியைப் பாரேன்!”

என்னால் சிரிக்க முடியவில்லை. தனியாக இருப்பதாக நான் நினைத்த நேரமெல்லாம் இவள் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். இன்னும் என்னென்ன பார்த்திருப்பாள்?

எனக்கும் ஒரு தட்டு எடுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“என்னடி, கொழந்தை சாப்பிடறதுக்கு முன்னாலயே உக்காந்துட்டே?” என்றார் மாமியார்.

“பசிக்கறதும்மா.”

அது நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. முதல் கவளம் தொண்டையில் நின்றது. மகள் தட்டைப் பார்க்கவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவளம் உள்ளே இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

இரண்டாவது கவளத்துக்கும் அப்படியே காத்திருந்தாள்.