சீமாட்டியின் புருஷன்

எங்கள் அரண்மனையின் நீலக் கூடத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பவள் இராயிதா புரோகரவ்னா. பக்கத்துக் கூடத்துக் காவல்காரி நான். பதினாறு வருஷமாக அவளைப் பார்க்கிறேன், கண்கொத்திப் பாம்பு தோற்றுப்போகும். பட்டுத் திரைப்பக்கம் எவனாவது விரலை நீட்டினால் போதும், "கை! கை!" என்று ஒரு அதட்டல். பீட்டர்ஸ்பர்க் பேராசிரியர்கள்கூடக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் அவளைத் தாண்டிப் போவார்கள்.

அவள் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒரு சீமாட்டியின் ஓவியம். பக்கவாட்டில் திரும்பி யாரையோ பார்த்து உருகி உருகிச் சிரிப்பாள். அந்த யாரோ, அவள் புருஷன், ஒரு பிரபு. ஜோடியாக வரைந்த படங்கள். புரட்சிக்குப் பிறகு சாமான்களைப் பிரித்தபோது அவர் படம் நகரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள இன்னொரு அரண்மனைக்குப் போய்விட்டது. போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். எங்களுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. அங்கேயும் திங்கட்கிழமைதான் பூட்டு.

புரோகரவ்னாவுக்கும் ஒரு புருஷன் உண்டு, வலெரியன் என்று பெயர். இரண்டு வருஷம் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று வடக்கே வர்க்குதா நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். இப்போது அவள் துரத்திவிட்டாள் போல. போன வாரம் வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிக் கொடுக்கும் எங்கள் கோட்டு அறை டெலிபோனில் கூப்பிட்டு, திரும்பி வரட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"புதன்கிழமை சாயங்காலம் கூப்பிடச் சொன்னேன்."

"அதுக்குள்ள என்ன கிழியப்போகுது?"

"அன்னைக்கு யூனியன்காரங்க நம்மளை மத்த அரண்மனையெல்லாம் சுத்திக் காட்டற டூர் இருக்குல்ல. அந்தப் பிரபு மூஞ்சிய ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன். கேளு ஸ்தெபானவ்னா, இத்தனை வருஷமா ஒருத்தி ஒருத்தனையே பார்த்துச் சிரிக்கிறாளே. அதுல ஏதோ இருக்கணும். அந்த மூஞ்சி அதுக்குத் தகுதின்னா நானும் இவனை வரச் சொல்லிடறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். செத்து இருநூறு வருஷம் ஆன மனுஷனிடம் போய் யோசனை கேட்கிறாள்! சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் ராத்திரி முழுக்க அழுததுபோல் அவள் கண் வீங்கியிருந்தது.

புதன்கிழமை எங்கள் இருவர் கூடங்களையும் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று எங்களிடம் யார் சொல்லப்போகிறார்கள்? பஸ்ஸில் ஏறினோம். வழிகாட்டி ஸ்னெழானா, மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடுகிற பெண். முதல் அரண்மனையில் பூட்ஸுக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். புரோகரவ்னா கூரையைப் பார்த்தாளா, தங்கத்தைப் பார்த்தாளா? எல்லார் காலையும்தான் பார்த்தாள்.

"இழுத்து நடங்க! தூக்கித் தூக்கி வைக்காதீங்க, தரை கீறிடும்!"

"அம்மா, நீங்களும் டூர் வந்தவங்கதானே?" என்றாள் ஸ்னெழானா.

"அதுக்காகத் தரை எக்கேடு கெட்டா எனக்கென்னன்னு போகச் சொல்றியா?"

இரண்டாவதாக ஒரு அருங்காட்சியகம். கால் வலி தாங்காமல், கதவோரம் காலியாகக் கிடந்த காவல் நாற்காலியில் பழக்க தோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குடும்பம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டது. "கீழ்ப்படி இறங்கி வலது பக்கம்" என்றாள், கண்ணைக்கூடத் திருப்பாமல். அது எங்கள் அரண்மனை வழி. இந்த அருங்காட்சியகத்திலோ கீழ்ப்படி இறங்கினால் கொதிகலன் அறை. அவர்கள் பதறிப்போய் மேலே ஏறி வரவும், நாற்காலிக்குச் சொந்தக்காரி டீ குடித்துவிட்டு வரவும் சரியாக இருந்தது.

"எழுந்திரிங்க! இது ஊழியர் நாற்காலி."

"நானும் ஊழியர்தான்."

"எந்தக் கூடம்?"

"நீலக் கூடம்."

"இங்க நீலக் கூடமே கிடையாது!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், மானம் போயிற்று. மதியம் முட்டைக்கோஸ் சூப்பையும் கட்லெட்டையும் அவள் தொடவே இல்லை. அடுத்தது அந்தப் பிரபுவின் அரண்மனை. பஸ்ஸில் கண்ணாடியை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள். பாவி, நானும் அதே கண்ணாடியை வாங்கித் தலை வாரிக்கொண்டேன்.

அங்கே போனால் சுவரில் இரண்டு ஆணி. வெளிறிய ஒரு சதுரம். 'ஓவியம் தற்காலிகமாக வெளியே சென்றுள்ளது' என்று ஒரு அட்டை.

"எங்க போச்சு?" என்றாள் புரோகரவ்னா.

அங்கிருந்த காவல்காரி எங்கள் அரண்மனையின் பெயரைச் சொன்னாள். "இன்னைக்குக் காலையிலதான் வண்டியில ஏத்தினாங்க. அங்க பொண்டாட்டி படம் இருக்காம், ஜோடி சேர்க்கிறாங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அங்கே வேலை பார்க்கிறவர்கள்தானே.

சாயங்காலம் பஸ் எங்களை இறக்கிவிட்டதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நீலக் கூடத்துக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏணியை எடுத்துக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சீமாட்டிக்குப் பக்கத்தில் பிரபு. நல்ல களையான முகம்தான், குறை சொல்ல முடியாது. கண்ணிலும் அவளைப் போலவே உருக்கம் வழிந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது காலடியில் படுத்திருந்த வேட்டை நாயை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புரோகரவ்னா சிரிக்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்ச் சீமாட்டிக்கு முன்னால் நின்றாள். எங்கள் உத்தியோகத்தில் அது கொலைக்குற்றம்.

"அடி பைத்தியக்காரி" என்றாள் மெதுவாக. "ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறானான்னு நீ பார்க்க வேணாமா?"

அப்போது கோட்டு அறையிலிருந்து அங்கே வேலை பார்க்கும் தயீசியா கத்தினாள், "புரோகரவ்னா, போன்! வர்க்குதா!"

ரிசீவரில் வலெரியன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "இராயிதா! என்ன முடிவு பண்ணின? நான் எப்ப வரட்டும்?"

அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திங்கட்கிழமை வா" என்றாள்.

தலையில் அடித்துக்கொள்ள நான் கையைத் தூக்கினேன்.

"திங்கட்கிழமை இங்க எல்லாம் பூட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள்.