தீபாவளியன்று ரோமில்

ரோம் நகரைப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. மாதக்கணக்கில் இணையத்தில் தேடி, மலேசியாவில் எங்கள் ஊரான பினாங்கிலிருந்து பாதி விலைக்கு விமான டிக்கெட் வாங்கிவிட்டேன். வழியில் விமானம் மாறி மாறி ஏற வேண்டும், ரத்து செய்தால் பணம் திரும்பாது. இருந்தாலும் பெருமையாகக் கணவரிடம் காட்டினேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னிக்குத் தீபாவளியாச்சே" என்றார்.

ஆண்டுதோறும் அன்று தெருவே எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். வீட்டைப் பூட்டிவிட்டா போவது?

பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவிடம் புலம்பினேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நீ போ லா. சாவியக் குடுத்துட்டுப் போ. எங்க பெருநாளுக்கு வருஷா வருஷம் நீதானே வந்து பரிமாறுற? இந்தத் தடவ உன் வீட்ட நான் பாத்துக்கிறேன்."

பலகாரங்களைச் சுட்டு வைத்துவிட்டுக் கணவரும் நானும் கிளம்பினோம்.

தீபாவளியன்று கொலோசியத்தின் முன்னால் நின்றிருந்தபோது அக்கா வீடியோவில் அழைத்தார். என் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள், ஒரே சிரிப்பு. அக்கா என் அடுக்களையில் நின்றுகொண்டு, "முறுக்கு டின்ன எங்கடி ஒளிச்சு வச்ச?" என்றார்.

"அரிசி வாளிக்குப் பின்னாலக்கா."

ரோமில் எது அழகு என்று இன்றும் கேட்கிறார்கள். என் வீட்டுக் கூடம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?