நாலாவதுக்குப் பெயர் வைத்த கதை

என் எதிர்வீட்டுக்காரரைக் குடியிருப்பில் எல்லோரும் ரீடிங்காரர் என்பார்கள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துவருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையேதான் செய்கிறார். பெரிய அறிவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீட்டர் முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தால், எதையாவது அவ்வளவு கவனமாக நாம் பார்த்திருக்கிறோமா என்று தோன்றும்.

அவர் வீட்டில் மூன்று கிரேஹவுண்டு நாய்கள் இருந்தன: யூனிட், வாட்டு, ஃபியூஸ். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடப் பிறந்த இனம் என்கிறார்கள். இவை கிழித்தது சோபாவை மட்டும்தான். மூன்றும் அதில் நாளெல்லாம் கால் நீட்டிக் கிடக்க, ரீடிங்காரரும் மனைவியும் தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். கொஞ்சம் நகரச் சொன்னால் நாய்கள் பெருமூச்சு விடும்.

நாலாவது வந்தபோதுதான் வம்பு வந்தது. பந்தயத்தில் ஓட மறுத்ததால் யாரோ கைகழுவிய நாய் அது. வந்த வாரமே தெருவில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தது. நாலாவது அதை முயல் என்று முடிவுகட்ட, மற்ற மூன்றும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ள, ரீடிங்காரர் பட்டத்தின் வால் மாதிரிப் பின்னால் போனார். வழியில் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் ஸ்கூட்டர் சாய்ந்தது. செயலாளரும் அதன் மேல்தான் இருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கோபத்தையும் நிபந்தனையாக எழுதித்தான் பழக்கம். ஒரு மாதம் கழித்து நாலு நாய்களையும் தானே பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து கேட் வரை நடப்பதாகவும், வழியில் எந்த நாயும் தன்னை இழுக்கக் கூடாது, இழுத்தால் நாலாவது வெளியேற வேண்டும் என்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

நாலாவதுக்குப் பெயர் வைக்க ரீடிங்காரரின் மனைவி விடவில்லை. "இருக்குமா போகுமான்னு முதல்ல தெரியட்டும். பேர் வெச்சுட்டா அப்புறம் அழணும்" என்றார். சொன்ன கையோடு தன் தலையணையை அதற்குக் கொடுத்துவிட்டார்.

ரீடிங்காரர் தினமும் வேலை முடிந்து வந்ததும் அதே வழியில் பயிற்சி தொடங்குவார். இடது கையில் நாலு வார்கள், சட்டைப் பையில் அவித்த முட்டைத் துண்டுகள். வார் இறுகினால் நிற்பார். தளர்ந்தால் ஒரு துண்டு கொடுத்துவிட்டு நடப்பார். அவர் ரீடிங் எடுக்கப் போன வீடுகளில் எங்கிருந்து இந்த முட்டை வாடை என்று தேடினார்களாம். மூன்றாம் வாரத்தில் பதினாறு கால்களும் ஒரே சீராக நடந்தன. அதை நானும் பார்த்தேன். பரவாயில்லை என்றே சொல்லலாம்.

சோதனை நாள் காலையில் செயலாளர் முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு வந்தார். படிக்கட்டெல்லாம் கூட்டம். வார்களை வாங்கி நாலு எட்டு நடந்திருப்பார். முதல் வீட்டு வாசலில் நாய்கள் நின்றுவிட்டன. கூப்பிட்டுப் பார்த்தார். கெஞ்சினார். கடைசியில் இரண்டு கையாலும் இழுத்தார். நாய்கள் அசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ரீடிங்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. நாய்கள் பார்த்த இடத்தில் அந்த வீட்டு மீட்டர் இருந்தது.

"என்னங்க, ஒரு மீட்டரையாவது ரீடிங் பார்க்காம தாண்டியிருக்கீங்களா நீங்க?"

ஒரு மாதமாக ஒவ்வொரு வாசலிலும் தன் கால் நின்றதும், வாய் எண்ணை முணுமுணுத்ததும் ரீடிங்காரருக்கே தெரியாது. நாய்களுக்குத் தெரிந்திருந்தது.

"சார், நம்பரைப் படிங்க. தானா நடக்கும்" என்றார் மனைவி.

செயலாளர் மூக்குக்கண்ணாடி எடுத்துவரவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "நூத்திப் பன்னெண்டு."

நாலாவதுதான் முதலில் காலெடுத்து வைத்தது.

மாடிக்கு எட்டு வீடு. இரண்டாம் மாடி வந்ததும் பொய் எண் சொல்ல மனசு கேட்காமல் யாரிடமோ கண்ணாடி இரவல் வாங்கி, தசமப் புள்ளி வரை படித்தார். நாய்களுக்கு உண்மை எண்ணும் பொய் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. யாராவது நின்று பார்த்துச் சொன்னால் போதும். பல பெரிய நம்பிக்கைகளும் இப்படித்தான் நடக்கின்றன.

கேட்டில் செயலாளர் மூச்சு வாங்கினார். "முதல் வாசல்லயே வார் இறுகிடுச்சு. எல்லாரும் பார்த்தீங்க."

"இறுகுச்சு சார். ஆனா நாயா இழுத்துச்சு? நீங்கதானே இழுத்தீங்க" என்றார் ரீடிங்காரரின் மனைவி.

செயலாளர் அறிவிப்புப் பலகைக்குப் போய், தான் எழுதியதை மேலிருந்து கீழாக இரண்டு முறை வாசித்தார். நாலு நாய்களும் பக்கத்தில் நின்று பலகையையே பார்த்தன. அவர் திரும்பி நடக்கப் பார்த்தார். அவை நகரவில்லை. எண் இன்னும் வரவில்லையே.

"நூத்திப் பன்னெண்டு" என்றார் செயலாளர், தோற்றுப்போன குரலில்.

அன்றிலிருந்து நாலாவதுக்கு அதுதான் பெயர். கூப்பிட்டால் வராது, எழுந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும்.