விசேஷ வீட்டில் காதடைப்பு

பிள்ளைகளா, வல்லத்திராக்கோட்டை வீட்டு வேலையை அப்பா பாதியில் விட்டுவிட்டு வந்ததைத் திமிர் என்று நம் சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். பேசட்டும். நடந்ததை நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது மெல்லத் தடவிக் கொடுக்கிற வேலை அல்ல. முறுக்கிய கம்பி அப்படியே நிலைத்து நிற்க வேண்டுமென்றால், கட்டையைத் திரும்பத் திரும்ப ஓங்கி அடிக்க வேண்டும். மேல் கட்டைகளின் சத்தம் காதில் ஊசி மாதிரி இறங்கும். என் இடது காது ஏற்கெனவே கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காதுக்குள் செருகிக்கொள்கிற காதடைப்பு இல்லாமல் நான் வேலையில் உட்காருவதில்லை. அது சத்தத்தின் கடுமையைத்தான் குறைக்கும். சுருதி நன்றாகவே கேட்கும்.

அன்று அந்தப் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர், மகளுக்காகப் பியானோவையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். மதியம் அந்தப் பெண் விருந்தாளிகள் முன்னால் வாசிக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

அடைப்போடு கீழ்க் கட்டைகளை முடித்து மேல் கட்டைகளுக்கு வந்தபோது வீட்டுக்காரரின் அக்கா வந்து நின்றார்.

“என்னங்க இது, நல்ல காரியம் நடக்குற வீட்டுல காதுல பஞ்சு? பொணத்துக்கு வைக்கிற மாதிரி! எடுங்க மொதல்ல.”

“பஞ்சு இல்லங்க, காதுக்குப் பாதுகாப்பு.”

“காதைப் பொத்திக்கிட்டுச் சுருதி பாக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். கண்ணைக் கட்டிக்கிட்டு பஸ் ஓட்டுவீங்க போல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, சொந்தபந்தம் பாக்குறாங்க” என்றார்.

மரியாதைக்காக எடுத்தேன். மேல் கட்டைகளில் நாலைந்து முடிவதற்குள் இடது காதுக்குள் விசில் கிளம்பிவிட்டது.

“அப்ப அந்தக் குழாயையாவது நிறுத்தச் சொல்லுங்க. அதை மீறிக் கேக்கணும்னுதான் இம்புட்டு ஓங்கி அடிக்க வேண்டியிருக்கு.”

“அது எப்படிண்ணே? விசேஷ வீடுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் காதைக் கிழிக்கிற குழாய் மங்களமாம். என் காதைக் காக்கிற விரல்நுனி அளவுப் பொருள் அபசகுனமாம்! அடைப்பைத் திரும்ப வைத்தேன்.

“இது இருந்தா வேலை பாக்குறேன். இல்லேன்னா கெளம்புறேன்.”

“போறவரு போகட்டும்டா தம்பி” என்றார் அக்கா. “இந்தச் சத்தத்துல பாப்பா எதை வாசிச்சாலும் ஆருக்குக் கேக்கப் போவுது?”

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெண் மட்டும் வாசல் வரை ஓடி வந்து, “அங்கிள், பாதிதானே முடிஞ்சிருக்கு?” என்றாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் அந்த வேலை வேண்டியிருந்தது. அதுவும் என் ஆத்திரத்தைக் கூட்டியது.

இதை எழுதும்போதும் விசில் நிற்கவில்லை. நிற்குமா என்றும் தெரியவில்லை. இந்தக் காதுதான் நமக்குச் சோறு போடுகிறது. ஊரார் சகுனத்துக்கு அதைத் தாரை வார்க்க என்னால் முடியாது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும் அடைப்பை வைத்துக்கொண்டுதான் படியேறுவேன். வேண்டாம் என்பவர்கள் வாசலிலேயே சொல்லட்டும்.