மூன்றாம் நாள் வரை காத்திருந்த படகோட்டி

ஆகஸ்ட் தேர்தலின் மூன்றாம் நாள் பிற்பகல், எனாக் தாக்ஸ்டன் தன் வீட்டுக்குப் பின்னால் சோளக்காட்டுக்குள் ஒளிந்திருந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தேடி ஆள் அனுப்பியிருந்தார்கள்.

எனாக் லிக்கிங் ஆற்றில் படகுத்துறை நடத்தியவர். வெள்ளம் ஏறும் நாளிலும் கயிற்றைப் பிடித்து இழுத்து, குதிரைவண்டிகளை அக்கரை சேர்த்துவிடுவார். மனிதர்களிடம்தான் பயம். எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார். படகு மட்டும்தான் அவருடையது. துறையும் கரையும் வீடும் கர்னல் ஹார்க்னஸுக்குச் சொந்தம். அவர் வருடாவருடம் குத்தகையைப் புதுப்பித்தால்தான் எனாக் வீட்டில் அடுப்பு எரியும்.

அது 1828. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் முழுவதும், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர்களின் பெயரில் ஆடம்ஸ் கட்சி, ஜாக்சன் கட்சி என்று பிளந்து கிடந்தது. சட்டசபைக்கு ஆடம்ஸ் கட்சியில் நின்றவர் அதே கர்னல். எதிரே ஜாக்சன் கட்சியில் நின்றவர் சேணம் தைக்கும் டோபியாஸ் ஸ்லைட். ஜூலையில் ஒருநாள் படகில் வந்த கர்னல், "ஏம்ப்பா எனாக், உன் குரல் எனக்குத்தானே?" என்று கேட்டார். எனாக் தலையாட்டினார். அடுத்த வாரம் ஜாக்சன் கட்சியின் பன்றிக்கறி விருந்தில் மனைவியின் அண்ணன் ரூயல், அவர் கையில் கட்சியின் அடையாளமான ஹிக்கரி மரக் கொம்பு ஒன்றைத் திணித்து, "மாப்ள நம்ம ஆளு" என்று கூவினான். அங்கேயும் தலையாட்டினார்.

சீட்டில் எழுதி மறைவாகப் போட்டுவிட்டு வரும் வழக்கம் அங்கே கிடையாது. நீதிமன்றக் கூடத்தில் ஷெரீப்பும் எழுத்தரும் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே வேட்பாளர்கள். யாருக்கு ஓட்டு என்று ஊர் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேட்பாளர் எழுந்து, வாக்காளரைப் பேர் சொல்லி அழைத்து நன்றி சொல்வார். மற்றவர் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பார்வையை நினைத்தே எனாக்கிற்குத் தூக்கம் போனது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்து, மனைவி டார்க்காஸிடம் சொன்னார்: "மூணு நாள் நடக்குது. ரெண்டாம் நாளே யாராவது முந்திடுவாங்க. அப்புறம் நான் யாருக்குச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

"எனக்கு மட்டும் ஓட்டு இருந்தா மொத நாளே சொல்லிட்டு வந்து ரொட்டி சுட்டிருப்பேன்," என்றாள் அவள். "நீங்க போய்ச் சோளத்துக்குக் காவலிருங்க."

மூன்றாம் நாள் சோளக்காட்டில் அவரைக் கண்டுபிடித்தவன் ரூயல்தான். "மாப்ள, எழுந்திரு. சமமா நிக்குது."

"எது?"

"ரெண்டு பேருக்கும் எண்ணிக்கை. ஷெரீப் கதவைச் சாத்தப் போறாரு. உன்னைத் தவிர எல்லாரும் சொல்லியாச்சு. படுத்த படுக்கையா கெடந்த கிழவனைக்கூட கட்டிலோட தூக்கிட்டு வந்துட்டானுங்க."

"எனக்கும் காய்ச்சல், மச்சான்."

"காய்ச்சக்காரன் பச்சைச் சோளத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா?"

குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் எனாக்கின் கால் நடுங்கியதில் குதிரை மிரண்டது.

கூடத்தில் விஸ்கி நாற்றம். இவர் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. இடப்பக்கம் ஹிக்கரிக் கொம்புகள். வலப்பக்கம் கர்னலின் ஆட்கள், கையில் குதிரைச் சவுக்கு. வெளியே போவதற்கு அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில்தான் வழி. ஸ்லைட் புன்னகைத்தார். கர்னலும் புன்னகைத்தார். இரண்டு பக்கமும் தலையாட்டியிருந்தாரே.

"எனாக் தாக்ஸ்டன், யாருக்கு?" என்றார் ஷெரீப்.

எனாக் மேசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவன், "அக்கரையிலேர்ந்து படகைக் கூப்பிடற மாதிரி கத்திக் கூப்பிடணுமா இவனை?" என்றான். சிரித்தார்கள்.

அப்போது கர்னல் எழுந்தார். எனாக் இன்னும் வாயே திறக்கவில்லை. "நன்றி, எனாக்," என்றார் கர்னல், எழுத்தரைப் பார்த்து எழுதிக்கொள்ளும்படி விரலை அசைத்தபடி.

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தார்.

"நான் இன்னும் சொல்லலை, ஐயா," என்றார் எனாக். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். "ஸ்லைட். டோபியாஸ் ஸ்லைட்."

கொம்புகள் தரையில் இடித்தன. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலேயிருந்து பார்த்தபோது, கர்னல் அவசரமில்லாமல் தொப்பியைத் துடைப்பது தெரிந்தது.

கர்னலின் பண்ணை அக்கரையில். பொழுது சாயும் நேரத்தில் துறைக்கு வந்தார், தனியாக. எனாக் கயிற்றை இழுத்தார். நடு ஆற்றில் கர்னல் கேட்டார்:

"எதிரா சொன்னது போகட்டும். ஜூலைல தலையாட்டினியே, அது எதுக்கு?"

"பயம், ஐயா."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் பயம்தான், ஐயா."

கரையில் இறங்கியபின் கர்னல், "கிறிஸ்துமஸோட குத்தகை முடியுது. படகை எடுத்துக்கிட்டுப் போயிடு," என்றார்.

டிசம்பர் குளிரில் எனாக்கும் டார்க்காஸும் பானை சட்டிகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டு, ஆற்றின் கீழ்ப்பக்கம் பாறை நிறைந்த ஒரு வளைவுக்குக் குடிபோனார்கள். அந்த வழியில் வண்டிகள் அதிகம் வராது. வேறு துறை கிடைக்குமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம் எனாக்," என்றார் சட்டசபை உறுப்பினராகிவிட்ட ஸ்லைட். ரூயல் விஸ்கி வாங்கித் தந்தான். பாதிநாள் மீன்பிடித்துச் சாப்பிட்டார்கள்.

சட்டசபைத் தேர்தல் வருடாவருடம் நடக்கும்; அடுத்த ஆகஸ்டில் கர்னல் ஸ்லைட்டை எதிர்த்து மறுபடி நின்றார். முதல்நாள் காலை, கூடம் திறந்த கையோடு எனாக் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, இவ்வளவு சீக்கிரமா?" என்றார் எழுத்தர்.

"கூட்டம் சேர்றதுக்குள்ள பயந்து முடிச்சிடலாம்னுதான்," என்ற எனாக், கர்னலின் முகத்தைப் பார்க்காமல் பெயரைச் சொன்னார். எழுந்து நின்று நன்றி சொன்னவர் கர்னல் அல்ல.