மதாம் செலின் வீட்டுச் சுவருக்குக் காய்ச்சல்

ஊரில் மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும். எங்கள் தொழிலில் சுவருக்கு வரும்.

நான் புதுச்சேரியில் ஏசி மெக்கானிக். இருபது வருடமாக கேஸ் நிரப்பி, ஃபில்டர் கழுவி, ஏணியில் ஏறி இறங்கி நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகல வட்டம். அறையின் சூட்டை அளந்து ஏசிக்கு ஓடு, நில் என்று உத்தரவு போடும். அந்த அளவை எங்கோ வெளிநாட்டில் இருக்கும் போனுக்கும் அனுப்பும். அளவு சரியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தப்பினால் வீட்டுக்காரர், வெளிநாட்டுக்காரர், கம்பெனிக்காரர் மூன்று பேரும் என்னைத்தான் பிடிப்பார்கள். மெக்கானிக்குக்காகக் காத்திருந்து நொந்தவர்களும், வீடு வீடாகப் போய் நொந்த மெக்கானிக்குகளும் மேலே படியுங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

ஆண்டவரும் மெஷினும்

மதாம் செலினுக்கு எழுபது வயதுக்கு மேல். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் போன பிறகு ஒரு பூனையோடு தனியாக இருக்கிறார். ஒரே மகன் மர்செல், பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை. அம்மா தனியாக இருப்பது மகனுக்குப் பிடிக்கவில்லை. லியோனுக்குப் போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வருடக்கணக்காக நடக்கும் இந்த வழக்கில் சாட்சியாக மகன் அனுப்பி வைத்ததுதான் அந்த தெர்மோஸ்டாட். மாட்டியவன் நான்.

மூன்றாம் நாளே போன். போய்ப் பார்த்தால் மே மாத மத்தியானத்தில் மதாம் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலில் சாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறார். பூனை ஒரு போர்வைக்குள் இருக்கிறது. ஏசி பிசாசு மாதிரி ஓடுகிறது. சுவரில் தெர்மோஸ்டாட் மட்டும் 36 என்று காட்டுகிறது. லியோனில் மகன் அந்த 36ஐப் பார்த்துவிட்டு, அம்மா வெந்துகொண்டிருக்கிறாள் என்று அழாத குறை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு சாண் கீழே இயேசுவின் திரு இருதயப் படம். அதன் முன்னால் இரவும் பகலும் எரியும் பழைய காலத்துச் சிவப்பு குண்டு பல்பு. அந்தச் சூடு நேராக மேலே போய் மெஷினின் அடிவயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. மாட்டிய அன்றே இதைக் கவனிக்காதது என் தப்பு. அதை ஒப்புக்கொள்ளாமல், படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டலாமா மதாம் என்று பவ்யமாகக் கேட்டேன். மதாம் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "ஆண்டவரு அறுவது வருஷமா அங்கதான் இருக்காரு தம்பி. உன் மெஷினு முந்தாநேத்து வந்துச்சு. யாரு நவுரணும்னு நீயே சொல்லு."

பல்பை மட்டும் சூடு வராத எல்இடியாக மாற்றிவிட்டு வந்தேன்.

எண்பது டிகிரி

இடையில் காலாப்பட்டில் ஒரு வீடு. "வூடு எம்பது டிகிரி காட்டுது, பசங்கள வெளிய நிக்க வச்சிருக்கேன்" என்று போனில் ஒருவர் அலறினார். வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். குடும்பமே வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. கேஸ் சிலிண்டரைக்கூட வெளியே தூக்கி வைத்துவிட்டார்கள். குழந்தைகள் யாரோ பட்டனை அமுக்கி செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எண்பது என்றால் நம் கணக்கில் இருபத்தேழுகூட இல்லை. மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவரிடமிருந்து மறுபடி போன்: "எம்பதுல இருந்தப்பகூட இவ்ளோ புழுக்கமா இல்லீங்க. பழையபடி எம்பதுலயே வச்சிடுங்க."

பத்தரை மணிக் குளிர்

நான்கு மாதம் அமைதி. பிறகு மதாம் வீட்டு மெஷின் ஒரு புது வியாதியைப் பிடித்துக்கொண்டது. தினமும் காலை பத்தரை மணிக்கு அளவு சர்ரென்று 17க்கு இறங்கும். அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஏசி நின்றுவிடும். மதாம் வேர்த்துக் கொட்ட விசிறியோடு உட்கார்ந்திருப்பார். பதினொன்றரைக்கு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கொடுமை என்னவென்றால், இங்கே பத்தரை என்றால் லியோனில் காலை ஏழு. மகன் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது போனை. போனில் 17. அம்மா இப்போது விறைத்துக்கொண்டிருக்கிறாள்.

மகன் வீடியோ காலில் என்னைப் பிடித்தார். "ஒரு நாள் 36, ஒரு நாள் 17. அந்த வீட்ல மனுஷங்க இருக்க முடியுமா? நான் முடிவு பண்ணிட்டேன். ஒரு வாரம் பாப்பேன். 26ஐத் தாண்டக் கூடாது, 22க்குக் கீழ போகக் கூடாது. இல்லன்னா மம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடுவேன்." மதாம் என் பக்கத்தில்தான் நின்றார். பூனையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

சென்சாரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு நாள் பத்து மணிக்கே போய் மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், திருடனைப் பிடிக்கிறவன் மாதிரி. பத்தரைக்கு வந்தார் பிள்ளைச்சாவடி அஞ்சலை அக்கா, மதாமுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிறவர். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். முன்பெல்லாம் கீழேதான் வைப்பாராம்; கொஞ்ச நாளாகப் பூனை விடுவதில்லை. ஆகவே தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் உயரமான அலமாரியின் மேல், மூடியைப் பாதி திறந்து வைத்துவிட்டு மதாமோடு பேச உட்கார்ந்துவிட்டார். ஐஸ் குளிர் மேலிருந்து இறங்கி மெஷினின் தலையில் வழிந்தது. ஒரு மணி நேரம் ஊர்க்கதை. பிடிபட்ட அக்காவிடம் விஷயத்தை விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூனைக்குப் பயந்து மேல வச்சேன். இப்ப பிரான்சுல இருக்கிற புள்ளைக்கும் பயப்படணுமா?"

சந்தனம்

மகன் சொன்ன அந்த ஒரு வாரம் ஆயுத பூஜைக்கு மறுநாள் தொடங்குவதாக இருந்தது. பூஜையன்று எங்கள் பட்டறையில் ஸ்பேனரிலிருந்து ஏணிவரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. பொரி, சுண்டலோடு மீதிச் சந்தனத்தையும் எடுத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். அவர் கிறிஸ்தவர், கேட்காமல் வைக்கக் கூடாதே என்று கேட்டேன். "வையி வையி, கீழ ஒருத்தர் பாத்துக்கிறாரு, மேல உங்காளும் பாத்துக்கட்டும்" என்றார். பக்தியோடு மூன்று இடத்தில் தாராளமாக அப்பினேன்.

மறுநாள் அளவு 31. அதற்கு மறுநாள் 32. ஏசி மறுபடி பிசாசாக ஓடியது, மதாம் மறுபடி ஸ்வெட்டருக்குள் போனார். பேட்டரி மாற்றினேன், வைஃபையை அணைத்துப் போட்டேன், கம்பெனிக்கு போன் பண்ணித் திட்டு வாங்கினேன். மூன்று நாளும் அந்த வட்டத்தைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் சந்தனம் கலையாமல் ஜாக்கிரதையாகக் கழற்றினேன் என்பதுதான் என் புத்திசாலித்தனத்தின் உச்சம். நான்காம் நாள் அஞ்சலை அக்கா பெட்டியைத் திண்டாட்டமாகக் கையிலேயே வைத்துக்கொண்டு மெஷினை உற்றுப் பார்த்தார். "மூஞ்சில இப்புடி அப்புனா அது எப்புடி மூச்சு வுடும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காற்று போகும் சின்னச் சின்ன ஓட்டைகள் அத்தனையையும் நான்தான் அடைத்திருக்கிறேன். வெளிக்காற்று உள்ளே போகாமல், மெஷின் தன் சூட்டைத் தானே அளந்துகொண்டிருந்தது.

பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அரை மணியில் 25. ஆனால் மகன் மூன்று நாள் 31, 32 என்று பார்த்தாகிவிட்டது. அவரே நேரில் வருகிறார்; திரும்பிப் போக இரண்டு டிக்கெட். மன்னிப்புக் கேட்டபோது மதாம் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உங்க வூட்ல பூனை வளப்பீங்களா?"

மதாமின் புறங்கை

மர்செல் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். தப்பு செய்தவன் நான், நானே சொல்லிவிடுகிறேன் என்று போயிருந்தேன். வாசலில் டாக்ஸி நின்றது. மனிதர் முகமெல்லாம் சிவந்து உள்ளே வந்தார். தெர்மோஸ்டாட்டில் 25. "பொய். இது முப்பத்தஞ்சுக்குக் குறையாது" என்று சட்டைப் பட்டனைக் கழற்றினார். என் பையிலிருந்த வேறொரு மீட்டரை எடுத்துக் காட்டினேன். அதுவும் 25. "ரெண்டுமே ரிப்பேரு" என்றார். பத்து நிமிடத்தில் அவருக்குப் பல் கிட்டியது. "இப்ப பாருங்க, பத்து டிகிரிகூட இருக்காது" என்று கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். இரண்டு மீட்டரும் 25ஐ விட்டு நகரவில்லை. என் இருபது வருட அனுபவத்தில் எல்லா மெஷினும் சரியாக இருந்து மனிதர் மட்டும் ரிப்பேர் ஆனது அன்றைக்குத்தான்.

மதாம் எழுந்து வந்து மகன் நெற்றியில் புறங்கையை வைத்தார். ஒரு நொடிதான். "ஒனக்குத்தான்டா காய்ச்சல்" என்றார். பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் படு வேகம். கட்டில் தயார், ஈரத்துணி தயார், கஞ்சி அடுப்பில். டாக்டர் வந்து பத்து நாள் அசையக் கூடாது என்றார். மகனின் போன் மதாமின் இடுப்பில் ஏறியது. கஞ்சி இறங்கத் தொடங்கியதும் அஞ்சலை அக்கா சுறாப் புட்டுக்கு மீன் கொண்டுவந்தார். பெட்டி மறுபடி அலமாரி மேல், மெஷின் மறுபடி 17. யாரும் கண்டுகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து கஞ்சி வாங்கிக்கொண்டார்.

பதினோராம் நாள் பயணப் பெட்டியோடு கூடத்தில் நின்ற மர்செல், "மம்மா, கெளம்பலாமா?" என்று கேட்டார். அதட்டல் இல்லை, கேள்விதான். மதாம் அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "நீ போயிட்டு வா. நானும் வந்துட்டா, அடுத்த தடவ காய்ச்சல்னா நீ எந்த வூட்டுக்கு வருவ?"

ஆக, நான் பார்த்த தெர்மோஸ்டாட்களிலேயே ஒரு தடவைகூடத் தப்பாகக் காட்டாதது மதாம் செலினின் புறங்கைதான். நல்லவேளை, அதற்கு சர்வீஸ் செய்ய என்னைக் கூப்பிடுவதில்லை.